பறக்க இரண்டு மரம் வேண்டும்

போன மாதம் பாரோயில் ஒரு பிறந்தநாள் விருந்துக்குப் போய்விட்டு வந்தேன். அன்றிலிருந்து எனக்கு வயிறு எரிந்துகொண்டே இருக்கிறது. பிரியாணியில் காரம் அதிகம் என்று நினைத்துவிடாதீர்கள். பிரியாணி நன்றாகத்தான் இருந்தது.

தோட்டத்து லயத்தில் பிறந்து, இப்போது டவுன் தாமான் வரிசை வீட்டில் உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும் நம் வயதுக்காரர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நம் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன். "அம்மா, திரும்பவும் எஸ்டேட் கதையா?" என்று போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்கள். நீங்களாவது கேளுங்கள்.

சுகர் கிளைடர் என்று ஒரு பிராணி வந்திருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். உள்ளங்கை அளவு, சாம்பல் நிறம், முதுகில் ஒரு கறுப்புக் கோடு, முகத்தில் பாதி கண்ணே அடைத்துக்கொண்டிருக்கும். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவில் தொளதொளவென்று தோல். அதை விரித்துக்கொண்டு உயரத்திலிருந்து தாவினால் காற்றிலேயே வழுக்கிக்கொண்டு வந்து நம் மேல் இறங்கும். எங்கிருந்தோ கப்பலேறி வந்த அந்தப் பிராணிக்குக் கூண்டென்ன, தூங்கத் துணிப்பையென்ன, குடிக்கத் தேன் கலந்த மாவென்ன! நம் ஆட்கள்தான் அதைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்கள். ஆடட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இதே ஆட்கள் என் பத்தாவது வயதில் இதே மாதிரி ஒரு பிராணியை என்ன செய்தார்கள் என்று எனக்கு மறக்கவில்லை.

அது எழுபதுகளின் கடைசி. பகாவில் பஸ் ஏறி, செம்மண் சாலை பிரிகிற இடத்தில் இறங்கி நடந்தால் எங்கள் தோட்டம். பால் வற்றிய கிழட்டு ரப்பர் மரங்களை அழித்துவிட்டு எண்ணெய்ச் செம்பனை நடப்போகிறோம் என்று தோட்டத்து மேனேஜர் துரை சொல்லிவிட்டார். முதலில் மரத்துக்கு விஷம் வைப்பார்கள். அடிமரத்தைச் சுற்றிலும் பட்டையைச் சீவி மருந்தைப் பூசிவிட்டால், மரம் நின்ற நிலையிலேயே இலையெல்லாம் கொட்டிச் செத்துப்போகும். பிறகு வெட்டிச் சாய்த்து, புல்டோசரால் தள்ளிக் குவித்து, காய்ந்ததும் கொளுத்துவார்கள். அந்த வருஷம் முழுக்க எங்கள் துணிமணியில், சோற்றில், தலைமுடியில் எல்லாம் அந்த மருந்து வாடையும் புகை வாடையும்தான்.

பால்வெட்டு நின்றுபோனதால் எல்லாரையும் மரம் அழிக்கிற வேலைக்கு மாற்றினார்கள். அம்மா, சாய்ந்த மரத்தின் கிளைகளைக் கழித்து ஒதுக்குகிற பெண்கள் கூட்டத்தில் இருந்தார். அப்பாவும் பக்கத்து வீட்டு அக்காவின் புருஷனும் ஒரு ஜோடி. இரண்டு முனையிலும் பிடி வைத்த நீள ரம்பத்தை ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து இழுப்பார்கள். ஒருவர் இழுக்கும்போது மற்றவர் கையைத் தளர்த்திக் கொடுக்க வேண்டும். மனம் ஒத்துப்போகாத இரண்டு பேரால் அந்த ரம்பத்தை இழுக்கவே முடியாது. இந்த ரம்பத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் மத்தியானம் அம்மா தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, பந்தாகச் சுருட்டி நெஞ்சோடு அணைத்தபடி வேலை விட்டு வந்தார். பிரித்துக் காட்டினார். இளஞ்சிவப்பாக, மயிரே இல்லாமல், கட்டைவிரல் பருமனில் ஒன்று சுருண்டு கிடந்தது. பக்கவாட்டில் தோல் மடிந்து மடிந்து தொங்கியது.

"என்னாம்மா இது? எலியா?"

"எலி இல்லடி. மரத்துப் பொந்துல இருந்துச்சு. மரம் வுழுந்ததுல தாய் செத்துப்போச்சு. இதுக்கு இன்னும் கண்ணுகூட தெறக்கல, பாவம்லா."

அப்பா கூரைக்கு அடியில் செருகி வைத்திருந்த பழைய மங்கு ஒன்றை எடுத்துக்கொடுத்தார். பால் வடிவதற்காக மரத்தில் கட்டித் தொங்கவிடுவோமே, அந்த மண் மங்குதான். வெளியே சொரசொரப்பு, உள்ளே வழவழப்பு. விளிம்பில் காய்ந்த ரப்பர் பால் ஒரு வளையமாக ஒட்டியிருந்தது. எவ்வளவு சுரண்டியும் போகவில்லை. அதற்குள் அப்பாவின் கிழிந்த பனியனைச் சுருட்டி வைத்து அந்த ஜீவனைப் படுக்கவைத்தோம். அச்சு அசலாக அதற்கென்றே செய்ததுபோல் பொருந்தியது. அதனால் அதன் பெயரும் மங்கு என்றே ஆகிவிட்டது.

அம்மா கஞ்சித் தண்ணியில் விளக்குத் திரியை நனைத்து அதன் வாயில் வைப்பார். அது கண்ணை மூடியபடி திரியைச் சப்பும். வயிறு நிறைந்ததும் திரியை உதறிவிட்டுப் பனியனுக்குள் புகுந்துகொள்ளும். நாளாக நாளாக உடம்பில் மயிர் முளைத்தது. முதுகு பழுப்பு, வயிறு வெள்ளை. கண் திறந்தபோது அது இரண்டு கண்ணல்ல, இரண்டு கருப்புக் கோலிகுண்டு. அதன்மேல் ஒரு வாசம் உண்டு. கனிந்த வாழைப்பழமும் வெயிலில் காய்ந்த துணியும் கலந்த வாசம். இன்றைக்கும் கொடியிலிருந்து துணி எடுக்கும்போது சில சமயம் அந்த வாசம் வந்துபோகிறது.

அது பறக்கும் என்பது எங்களுக்குத் தெரியவே தெரியாது. ஓர் அந்தி நேரத்தில் அப்பா குந்தி உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். சுவர்மேல் ஏறி நின்ற மங்கு திடீரென்று நான்கு காலையும் விரித்துக் குதித்தது. பெரிய ஆளின் சட்டையைப் போட்டுக்கொண்ட பொடியன் கையை விரித்ததுபோல் அந்தத் தோல் விரிந்தது. நேராக வந்து அப்பாவின் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. கோப்பி முழுக்கக் கைலியில்.

"ஐயோ! ஏய், இது பறக்குதுடி!" என்று அப்பா கத்தியது நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும். அப்புறம் அப்பா சிரித்தார். அப்பா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது குறைவு.

பகலெல்லாம் அது தூங்கும். அதனால் பள்ளிக்கூடப் பினோஃபார் கவுன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விடுவேன். கணக்குப் பாட நேரத்தில் என் இடுப்புப் பக்கம் வெதுவெதுப்பாக ஓர் உயிர் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும். அந்தச் சுகத்தில் ஒரு கணக்கும் மண்டையில் ஏறாது. ஒருநாள் பாக்கெட் தானாக அசைவதை வாத்தியார் பார்த்துவிட்டார். பிரம்படி விழப்போகிறது என்று கையை நீட்டினேன். அவரோ மங்குவை வாங்கி மேசைமேல் விட்டு, வகுப்பையே சுற்றி நிற்கச் சொன்னார்.

"நல்லா பார்த்துக்குங்க. இது பறக்கும் அணில். பறக்கும்னு பேரே தவிர இது பறவை இல்லை. இறக்கையே கிடையாது. தோலை விரிச்சுக்கிட்டுத் தாவுது, அவ்வளவுதான். குட்டி போட்டுப் பால் கொடுக்கிற இனம்" என்றார். பலகையில் படம்கூடப் போட்டார். நான் அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்துதான் வந்தேன்.

லயத்து வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் இந்தக் கதைக்கு அது வேண்டும். ஒரே நீளக் கூரை, அதன் கீழ் வரிசையாக வீடுகள். வீட்டுக்கு வீடு பலகைச் சுவர் இருக்கும், ஆனால் சுவர் கூரையைத் தொடாது. மேலே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வெட்டவெளி. ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் எல்லா வீட்டிலும் மணக்கும். ஒரு வீட்டுப் புருஷன் பெண்டாட்டி சண்டையில் மற்ற வீட்டார் தங்கள் கட்டிலில் படுத்தபடியே நியாயம் சொல்வார்கள். அப்படிப்பட்ட கூரைக்குள் மங்குக்கு எது எங்கள் வீடு, எது அடுத்த வீடு? பொழுது சாய்ந்ததும் சுவர் முகட்டில் ஓடும். ஒரு வீட்டுச் சுவரிலிருந்து அடுத்த வீட்டுச் சுவருக்குத் தாவும். அந்த நேரத்துக்கு லயத்துப் பிள்ளைகள் எல்லாம் அண்ணாந்து காத்திருக்கும்.

எல்லாரையும்விட அதைக் கொண்டாடியது பக்கத்து வீட்டு அக்காதான். கல்யாணமாகி வெகுநாள் பிள்ளை இல்லாமல் இருந்து, அப்போதுதான் அவருக்கு வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. சாயங்காலமானால் ஸ்டூல் போட்டு ஏறி, சுவர்மேல் ஒரு துண்டு வாழைப்பழம் வைப்பார். "ஏய் மங்கு, எங்க வூட்டுக்கும் கொஞ்சம் வாடா" என்று கூப்பிடுவார். அதுவும் போகும். அக்காவின் தோளில் இறங்கி, கொண்டைக்குள் மூக்கை நுழைக்கும். அக்கா கூச்சத்தில் சிரிக்கிற சத்தம் சுவருக்கு மேலே வழிந்து எங்கள் வீட்டுக்கு வரும்.

அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. லயமே சந்தோஷப்பட்டது. கைலித் துணியில் ஸ்பிரிங் மாட்டி உத்திரத்தில் தொட்டில் தொங்கவிட்டார்கள். உடம்பு கொஞ்சம் தேறியதும் அக்கா வேலைக்குத் திரும்பிவிட்டார். குழந்தை ஆயாக் கொட்டகைக்குப் போயிற்று. எல்லாத் தாய்மாரும் விடியுமுன் பிள்ளைகளை அங்கே போட்டுவிட்டு, ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற பிரட்டுக்கு ஓடுவார்கள். எங்கள் கீழ் லயத்துப் பிள்ளைகளுக்கும் மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த மேல் லயத்துப் பிள்ளைகளுக்கும் அந்த ஒரே கொட்டகைதான், அந்த ஒரே ஆயாதான்.

இப்போது தண்ணிக்கு வருகிறேன். எங்கள் பைப்புக்குத் தண்ணி ஓடையிலிருந்து வந்தது. அந்த ஓடைக்கு மேலேதான் புல்டோசர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மருந்து டிரம்களைக் கழுவியதும் அதே ஓடையில்தான். பைப்பைத் திறந்தால் பால் கலக்காத தேத்தண்ணி நிறத்தில் கொட்டும். அம்மா படிகாரம் போட்டுத் தெளியவைத்து, கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சித்தான் எங்களுக்குக் கொடுப்பார். ஆயாக் கொட்டகையில் அதெல்லாம் நடக்குமா? கொட்டகை நிறையப் பிள்ளைகள், ஒரே அடுப்பு. பள்ளிக்கூடம் போகிற வழியில் தினமும் பார்ப்பேன். ஒரு அண்டாவில் அந்தத் தண்ணியை லேசாகச் சூடுகாட்டி, டின் பாலை ஊற்றிக் கலக்கி, சீசா சீசாவாக ஊற்றுவார் ஆயா. நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். இன்னொரு அடுப்பும் இன்னோர் ஆளும் கேட்டுக் கேட்டு அவருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அக்காவின் குழந்தைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. பச்சை பச்சையாகக் கழிந்தது. கொழுகொழுவென்றிருந்த பிள்ளை வற்றிப்போய், தொடைத் தோல் சுருங்கி, அழக்கூடச் சத்தில்லாமல் கிடந்தது. அக்கா சோறு தண்ணி இல்லாமல் தொட்டிலையே பிடித்துக்கொண்டு நின்றார். கோடி வீட்டில் ஒரு பெரியம்மா இருந்தார், மந்திரிக்கிறவர். அவரைக் கூட்டி வந்தார்கள். குழந்தையின் உச்சந்தலையை முகர்ந்தார், உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்.

"அந்தி நேரத்துல புள்ள தலைக்கு மேல ஏதாச்சும் பறந்துச்சா?" என்று கேட்டார்.

எல்லார் கண்ணும் மெதுவாகச் சுவர்மேல் ஏறியது. அங்கே மங்கு உட்கார்ந்திருந்தது. முந்தின நாள் அக்கா வைத்த பழத்தின் தோலைக் கொறித்துக்கொண்டிருந்தது.

"பட்சி தோஷம்" என்றார் பெரியம்மா.

அந்தி சாயும்போது கைக்குழந்தைக்கு மேலே பறவை பறந்தால் அதன் நிழல் பட்டுக் குழந்தை வற்றிப்போகும் என்பது நம் ஆட்களின் நம்பிக்கை. நீங்களும் கேட்டிருப்பீர்கள். தோஷம் கொடுத்ததன் மயிரை எடுத்துச் சாம்பிராணியில் போட்டுப் பிள்ளைக்குப் புகை காட்ட வேண்டுமாம். அம்மா கத்தரிக்கோலை எடுத்து மங்குவின் வால் நுனியைக் கத்தரித்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு மங்கு தாவினால் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நினைத்த இடத்தில் இறங்க முடியாமல் தடுமாறியது. குழந்தைக்கோ கழிச்சல் நிற்கவில்லை. புகையில் இருமல் வேறு சேர்ந்துகொண்டது.

விஷயம் கோயிலுக்குப் போயிற்று. மாரியம்மன் கோயில் முன்னால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லாரும் கூடினார்கள். கோயில் தலைவர் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அக்காவின் புருஷன் கத்தவில்லை, திட்டவில்லை. கத்தியிருந்தால் அப்பா பதிலுக்குக் கத்தியிருப்பார். அவர் அழுதார்.

"எனக்கு அந்தப் பிராணி மேல கோவம் இல்ல, அண்ணே. எம்புள்ள பொழைக்கணும். அவ்ளோதான். ஒரே கூரைக்குக் கீழ அது இருக்கிற வரைக்கும் என்னால உங்ககூட ரம்பம் புடிக்க முடியாது."

அப்பா தலையைத் தொங்கப்போட்டார். நான் கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றேன். பெண் பிள்ளைகள் அங்கே வாய் திறக்கிற வழக்கமில்லை.

"மங்கு பறவையே இல்ல. எறக்கையே கெடையாது. தோலை விரிச்சுக்கிட்டுத் தாவுது. அதுவும் குட்டி போட்டுப் பால் குடுக்கிற ஜாதிதான். பறவை இல்லாததுக்கு எப்படிப் பட்சி தோஷம் வரும்? சார்தான் சொன்னாரு. கேட்டுப் பாருங்க!"

எல்லாரும் வாத்தியாரைப் பார்த்தார்கள். பலகையில் படம் போட்ட அதே வாத்தியார். கோயில் தூணில் சாய்ந்து நின்றவர், மேலும் கீழும் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பள்ளிக்கூடப் பாடம் வேற, இது வேறம்மா. ஊரோட ஒத்துப் போகணும்" என்றார்.

அந்த மனிதர் பிறகு தலைமையாசிரியர் ஆனார், மாலை மரியாதையெல்லாம் வாங்கினார். எனக்கு அவர் என்றைக்கும் அந்தத் தூணில் சாய்ந்து நின்றவர்தான். ஒரு வார்த்தை, 'ஆமாம், நான் சொன்னேன்' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் சொத்து ஒன்றும் குறைந்திருக்காது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "மேல் லயத்துப் புள்ளைங்களுக்கும்தானே கழியுது! ஆயாக் கொட்டகையில போய்ப் பாருங்க, எல்லாத்துக்கும் கழியுது. மேல் லயத்துல யாரு பறந்தா? அந்தத் தண்ணியை ஏன் யாரும் கேக்க மாட்டேங்கிறீங்க?"

ஒரு கணம், ஒரே ஒரு கணம், ஆயா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருந்தது. கோயில் தலைவருக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் இன்றைக்கு நினைக்கிறேன். தண்ணியைக் கேட்பதென்றால் ஆபீஸ் கணக்குப் பார்க்கிற கிராணியிடம் போக வேண்டும், துரையிடம் போக வேண்டும். 'வேலை வேண்டாமா? பெட்டியைக் கட்டு' என்பார்கள். அணிலைக் கேட்பது சுலபம். அதற்கு நாதி இல்லை.

அப்பா எழுந்து வந்து என் கன்னத்தில் அறைந்தார். அதற்கு முன்னும் பின்னும் அப்பா என்னை அடித்ததில்லை.

மறுநாள் விடிந்து பார்த்தால் மங்கும் இல்லை, மண் மங்கும் இல்லை. அப்பா பிரட்டுக்குப் போகும்போதே எடுத்துக்கொண்டு போயிருந்தார். சாயங்காலம் வந்தவரை வாசலிலேயே மறித்தேன்.

"எங்கப்பா?"

"காட்டுல வுட்டுட்டேன்லா. அங்கதானே பொறந்துச்சு? சந்தோஷமா இருக்கும்." என் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். நான் நம்பினேன். காடு என்றால் எனக்குத் தெரிந்தது தோட்டத்து எல்லைக்கு அப்பால் மலையோரம் தெரிந்த பச்சைக் காடுதான். மங்கு அங்கே மரத்துக்கு மரம் தாவுகிறது என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அதே வாரம் மேல் லயத்தில் ஒரு பெண் குழந்தை செத்துப்போனது. கழிச்சல்தான். மங்கு தாவாத கூரை, மங்கு பார்க்காத தொட்டில். அந்தக் குழந்தைக்கு எந்தத் தோஷம் என்று எந்தப் பெரியம்மாவும் முகர்ந்து பார்த்துச் சொல்லவில்லை. குழந்தை செத்த பிறகுதான் அரசாங்க ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்கள் வந்தார்கள், பைப்புத் தண்ணியைப் புட்டியில் பிடித்துக்கொண்டு போனார்கள். உடனே துரைக்கு ஞானம் வந்துவிட்டது. லாரியில் நல்ல தண்ணி வந்து இறங்கியது. ஆயாக் கொட்டகைக்கு இன்னோர் அடுப்பும் வந்தது. இரண்டு லயத்துப் பிள்ளைகளுக்கும் கழிச்சல் நின்றது. அக்காவின் குழந்தையும் கண் விழித்துப் பால் கேட்டு அழ ஆரம்பித்தது.

லயத்தில் என்ன பேசிக்கொண்டார்கள் தெரியுமா? "அது போன நேரம், பாத்தீங்களா, புள்ள பொழைச்சுக்கிச்சு." பெரியம்மாவுக்குச் சேலை எடுத்துக் கொடுத்தார்கள். கோயிலில் பொங்கல் வைத்தார்கள். எங்கள் வீட்டுக்கும் ஒரு தட்டு வந்தது. அம்மா வாங்கி வைத்தார். நான் தொடவில்லை. சர்க்கரைப் பொங்கல் என்றால் அந்த வயதில் எனக்கு உயிர். ஆனாலும் தொடவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு விறகு பொறுக்கப் போனேன். கொளுத்துவதற்கு முன்னால் வேண்டிய விறகை எடுத்துக்கொள்ளலாம் என்று வேலை மேற்பார்க்கிற மண்டோர் சொல்லியிருந்தார். அப்பா வேலை செய்த இடம் அதுதான். கண்ணுக்கு எட்டிய தூரம் மரமே இல்லை. எல்லாம் சாய்ந்து, துண்டாகி, குவிந்து கிடந்தன. வெயில் நேராக மண்டையில் இறங்கியது. நடுவில் ஒரே ஒரு மரம், விஷம் குடித்துச் செத்த மரம், இலையில்லாமல் நின்றுகொண்டிருந்தது. அதன் அடியில் எங்கள் மண் மங்கு இருந்தது.

ரப்பர் பால் வளையத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. உள்ளே அப்பாவின் பனியன், அதன்மேல் கறுத்துப்போன வாழைப்பழம். பழம் முழுக்கச் செவ்வெறும்பு. பிராணி இல்லை. நான் அந்த மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து அண்ணாந்து பார்த்தேன். கிளைக்குக் கிளை பார்த்தேன். பொந்துகூட இல்லாத மரம். இதில் ஏறி, வால் நுனி போன அந்தச் சின்ன உயிர் எங்கே தாவியிருக்கும்? பறக்க ஒரு மரம் போதாது, ஐயா. போய் இறங்க இன்னொரு மரம் வேண்டும். இதுகூடவா பெரியவர்களுக்குத் தெரியாது? கையில் ரம்பத்தோடு அத்தனை மரத்தையும் சாய்த்தவர் அப்பாதானே? மலையோரக் காடுவரை நடந்திருக்கலாம். பிரட்டுக்கு நேரமாகிவிட்டது என்றால் சாயங்காலம் போயிருக்கலாம். வழக்கம்போல் பழம் வைத்து, மெத்தை போட்டு, அன்பாகத்தான் விட்டுவிட்டு வந்திருக்கிறார். அந்த அன்பை நினைத்தால்தான் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

அந்த மண் மங்குவை எடுக்கக் குனிந்தேன். "எடுக்காத. வுட்டுரு" என்றார் அம்மா. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நின்றார். அந்த வாரமே அங்கே தீ வைத்தார்கள். ஊரெல்லாம் சாம்பல் பறந்தது. அப்பாவும் அக்காவின் புருஷனும் அடுத்த பகுதியில் ரம்பம் இழுக்கப் போனார்கள். ஒருவர் இழுக்க மற்றவர் தளர்த்திக் கொடுக்க, வேலை ஒழுங்காக நடந்தது.

அந்தக் குழந்தை வளர்ந்தான். சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கிறான். நல்ல பிள்ளை, என்னை எங்கே பார்த்தாலும் வண்டியை நிறுத்திப் பேசுவான். அவன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவனுடைய மூத்த மகளின் குழந்தைக்குத்தான் முதல் பிறந்தநாள். பாரோய் வீட்டு ஹாலில் பலூன் கட்டியிருந்தார்கள். அவனுடைய இளைய மகள் கல்லூரியில் படிக்கிறாள், சுகர் கிளைடர் அவளுடையது. சாயங்காலம் விளக்குப் போடுகிற நேரத்தில் கூண்டைத் திறந்துவிட்டாள். துணிப்பைக்குள்ளிருந்து எட்டிப்பார்த்தது. அதே கண். கையில் இருந்த தேத்தண்ணிக் கப்பைக் கீழே வைத்துவிட்டேன்.

அது திரைச்சீலையில் ஏறியது. அக்கா எதிரே சோபாவில் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரை, கையில் தடி. மடியில் கொள்ளுப்பேரக் குழந்தை. பிராணி திரைச்சீலைக் கம்பியிலிருந்து குதித்து, தோலை விரித்து, குழந்தையின் தலைக்கு மேலாக வழுக்கிக்கொண்டு போய் அலமாரியில் இறங்கியது. எல்லாரும் கை தட்டினார்கள். அக்காவும் குழந்தையின் கையைப் பிடித்துத் தட்டவைத்தார். "பாத்தியாடா தங்கம், எப்படிப் பறக்குது!"

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "அக்கா, அந்தி நேரம். புள்ள தலைக்கு மேல பறந்துச்சே" என்றேன்.

"அட போடி" என்று சிரித்தார் அக்கா. "இது பறவையா என்ன? எறக்கையே கெடையாது. தோலை விரிச்சுக்கிட்டுத் தாவுது, அவ்ளோதான். குட்டி போட்டுப் பால் குடுக்கிற ஜாதிலா இது. பேத்தி போன்ல எல்லாம் காட்டுனா."

நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். கன்னத்தில் அறை வாங்கிக்கொண்டு நான் சொன்ன வார்த்தைகள். ஒன்று விடாமல் அதே வார்த்தைகள். பத்து வயதுப் பெண் சொன்னால் ஏறாது, போன் சொன்னால் ஏறுகிறது.

"எங்க வூட்டு மங்கு ஞாபகம் இருக்கா, அக்கா?"

"இல்லாம இருக்குமா? நான்தானே தெனம் பழம் வெச்சேன். பாவம், நல்ல பிராணி" என்றார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "உங்கப்பாவும் நல்ல மனுஷன்டி. எங்க மனசும் நோகாம, அதையும் அடிக்காம கொல்லாம, பத்திரமா காட்டுல கொண்டுபோய் வுட்டாரு."

"எந்தக் காட்டுல, அக்கா?"

அக்காவின் கை குழந்தையின் முதுகில் அப்படியே நின்றது. அவர் புருஷன் அந்த ரம்பத்தின் மறுமுனையில் உட்கார்ந்தவர். எந்தக் காடு என்று அவருக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். அலமாரி மேலிருந்த பிராணி சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தது. அது போய் இறங்க அந்த ஹாலில் எத்தனை இடம் இருந்தது! திரைச்சீலை, ஃபிரிட்ஜ், மாடிப்படிக் கம்பி, நீட்டிக்கொண்டு நின்ற பிள்ளைகளின் கைகள். அது அக்காவின் தோளைத் தேர்ந்தெடுத்துத் தாவியது. கொண்டைக்குள் மூக்கை நுழைத்தது.

அக்கா சிரிக்கவில்லை. "கேக் வெட்ட நேரமாச்சு, எல்லாரையும் கூப்பிடு" என்றார் பேத்தியிடம்.

நான் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். காதோரம் குனிந்து, எனக்கு வருகிற மிக மரியாதையான குரலில் மறுபடியும் கேட்டேன்.

"சொல்லுங்க அக்கா. எந்தக் காட்டுல?"